அதெலினா உரக்க வாசித்த சொற்கள்

அதெலினா கோயோயின் வீட்டு மாடியறையில் பதினான்கு வருஷங்களில் நாற்பத்தாறு பேர் தங்கிப் போயிருந்தார்கள். எல்லோரும் ஸ்பானிஷ் படிக்க வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொழிப்பள்ளிக்காரர்கள் ஓர் ஆளை முதுகுமூட்டையோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அன்றிலிருந்து அந்த ஆள் அவளுடைய பொறுப்பு. காலையில் கறுப்பு அவரையும் முட்டையும் சோள ரொட்டியும், மதியம் சூப், சாயங்காலம் காப்பியில் தோய்த்துத் தின்ன இனிப்பு ரொட்டி. வியாழக்கிழமையானால் அவர்கள் ஊரான ஷேலாவின் வழக்கப்படி உருளைக்கிழங்கை அரைத்து இலையில் கட்டி அவித்த பாச்சே. குளியலறையில் கரண்ட்டில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாயை ஈரக்கையால் தொடக் கூடாது, ஷாக் அடிக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். சொல்லியும் தொட்டுவிட்டு அலறுவார்கள்.

அவளிடம் இரண்டு ஸ்பானிஷ் இருந்தது. ஒன்று சந்தையிலும் கோயிலிலும் மகளோடு சண்டை போடும்போதும் பேசுவது. இன்னொன்று மாணவர்களுக்கு. குழந்தைக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவதுபோல, சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். "இது மேசை. மேசை மேல ரொட்டி இருக்கு. ரொட்டி சூடா இருக்கு."

வந்த எல்லோரும் இரண்டாவது வாரம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அந்த வாரம்தான் பள்ளியில் இறந்தகாலம் நடத்துவார்கள். சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் சுருட்டை முடியும் மெல்லிய மீசையுமாக இருந்த மனிதரைக் காட்டி, "உங்கள் கணவர் எங்கே?" என்பார்கள்.

"அவர் இல்லை," என்பாள் அதெலினா.

அவ்வளவுதான். செத்துப்போனார் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். வேறொருத்தியோடு வடக்கே போய்விட்டார் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். யார் எப்படி எடுத்துக்கொண்டாலும் அவள் திருத்தியதில்லை. அவளுக்கே எது சரி என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை.

அன்செல்மோ பள்ளிக்கூட வாத்தியார். கடலோரம் இறங்கிப் போகும் சாலையில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் சின்ன ஊரில் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை போனால் வெள்ளிக்கிழமை இரவு வருவார். உள்நாட்டுச் சண்டை நடந்த எண்பத்திரண்டாம் வருஷம் அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை போனவர் அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. வழியில் துப்பாக்கியோடு நின்றவர்கள் பஸ்ஸை மறித்து மூன்று பேரை இறக்கினார்கள் என்று பஸ்காரன் சொன்னான். அவர்களில் அன்செல்மோவும் உண்டா என்று கேட்டதற்கு, "நான் ரோட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன்மா," என்றான். மறுவாரமே அவன் அந்த வழித்தடத்தை விட்டுவிட்டான்.

இரண்டு வருஷம் அவள் ஏறாத படி இல்லை. இடுப்பில் இரண்டு வயது மகள் நினெத். ஆஸ்பத்திரி, பிணவறை, ராணுவ முகாம் வாசல், மறுபடியும் ஆஸ்பத்திரி. ஒரு வாசலில் மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "ஏம்மா, உன் புருஷன் வேற ஒருத்தியோட வடக்கப் போயிருப்பான். வீட்டுல போய் வேலையப் பாரு." வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகு அந்த வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். வேறொருத்தியோடு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கோ ஒரு மேசையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் அந்த அவமானத்தைத் தாங்கிக்கொள்ளலாம். இருபத்தேழு வருஷம் அவள் அப்படித்தான் தாங்கினாள்.

நாற்பத்தேழாவதாக வந்தவள் மார்னி. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம், பிப்ரவரி. வயது இருபத்து நான்கு. முகமெல்லாம் மிளகைத் தூவியதுபோலப் புள்ளி. நெடுநெடுவென்ற உயரம், உள்ளே வரும்போதே நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாள்.

"எந்த ஊரு?"

"டாஸ்மானியா."

"அது எங்க இருக்கு?"

பெண் யோசித்தாள். சொல் கிடைக்கவில்லை. விரலால் தரையைக் காட்டினாள். "கீழே. மிகவும் கீழே."

புத்தகத்தில் படித்ததை அப்படியே எடுத்துவைப்பதுபோல இருக்கும் அவள் பேச்சு. "தாங்கள் எனக்கு உப்பைத் தருவீர்களா?" என்பாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து நாற்காலியில் விழுந்தவள், "நான் மிகவும் கல்யாணமானவள்," என்றாள். ஸ்பானிஷில் களைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பக்கத்துத் தெரு ஒதிலியா அன்று சமையலறையில் இருந்தாள். அவள் வீட்டிலும் மாணவர்கள் தங்குவதுண்டு.

"சரியாத்தானே சொல்றா பாவம்," என்றாள் ஒதிலியா. "ரெண்டும் ஒண்ணுதான். எதுக்குத் திருத்துற?"

என்ன படிக்கிறாய் என்று கேட்டபோது, "எலும்பு," என்றாள் மார்னி. "பழைய எலும்பு. நான் மண்ணைத் தோண்டுகிறேன்."

அதெலினாவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "ஓ, கோபுரம்! காட்டுக்குள்ள இருக்கே, பழைய ராஜாக்க கட்டினது. அதுவா?"

கோபுரம் என்ற சொல் மார்னிக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். புரியாதபோதெல்லாம் தலையாட்டுவது மாணவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

"எங்க மாமியாரக் கூட்டிட்டுப் போகச் சொல்லு," என்றாள் ஒதிலியா. "உசுரு இன்னும் போகல. எலும்பு மட்டும் எப்பவோ ரெடி."

அதெலினா யாரோடும் அதிகம் ஒட்டிக்கொள்வதில்லை. மூன்று வாரமோ ஆறு வாரமோ இருந்துவிட்டுப் போகிறவர்கள். ஆனால் இந்தப் பெண் சாப்பிட்டதும் மாடிக்கு ஓடுகிற ரகமில்லை. சமையலறை முக்காலியில் உட்கார்ந்து அவரையில் கல் பொறுக்குவாள். கண்ணில் பட்டதெல்லாவற்றுக்கும் பெயர் கேட்பாள். கரண்டி, வாணலி, அடுப்புப் புகை, மேகம், தும்மல். தப்பாகச் சொல்வாள், தானே சிரிப்பாள், மறுபடி சொல்வாள். இரண்டாவது வாரம் சுவர்ப்படத்தைப் பார்த்துக் கேட்டாள். "அவர் இல்லை," என்றாள் அதெலினா. மார்னி அவள் முகத்தையே ஒரு நொடி பார்த்துவிட்டு, கல் பொறுக்கக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் மேலே மேலே கேட்பார்கள். இவள் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை. பள்ளியில் அவளுடைய ஆசிரியைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரமே திரும்பிவிட்டாள். கையில் இரண்டு தாள்.

"தோன்யா அதெலினா," என்று மரியாதையோடு அழைத்தாள். "எனக்கு ஓர் உதவி. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போகிறேன். எனக்குச் சொற்கள் தேவை. நீங்கள் உரக்க வாசியுங்கள். நான் பின்னால் சொல்கிறேன்."

"கொடு, கொடு. கண்ணாடியை எடுத்துக்கறேன்."

அடுப்பில் அவரை கொதித்துக்கொண்டிருந்தது. அதெலினா கையைத் துடைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். முதல் தாளில் எல்லாம் எலும்புகள். தாடை, விலா, காரை எலும்பு, தொடை எலும்பு. சில பெயர்கள் அவளுக்கே வாயில் நுழையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தடுமாறினார்கள். "நம்ம உடம்புக்குள்ள இவ்வளவு இருக்கா! இத்தனையையும் தூக்கிட்டா நான் தினம் சந்தைக்குப் போறேன்?" என்று சிரித்தாள் அதெலினா.

இரண்டாவது தாளை எடுத்தாள்.

"பொத்தான்," என்று வாசித்தாள்.

"பொத்தான்," என்றாள் மார்னி.

"பெல்ட் வளையம். சீப்பு. ரப்பர் பூட்ஸ்." நிறுத்தினாள். "ராஜாவுக்கு எதுக்கு ரப்பர் பூட்ஸ்?"

மார்னிக்கு முதலில் கேள்வி புரியவில்லை. அதெலினா மறுபடி மெதுவாகக் கேட்டாள். புரிந்ததும் பெண்ணின் முகம் மாறியது.

"ராஜா இல்லை," என்றாள். "ஆட்கள். கிராமத்து ஆட்கள். எண்பத்திரண்டு. எண்பத்துமூன்று."

எண்கள் மட்டும் அவளுக்கு நன்றாக வரும். ஒரு பிசிறில்லாமல் சொன்னாள்.

அதெலினாவின் கண் தாளிலேயே இருந்தது. அடுத்த சொற்களை அவள் உரக்க வாசிக்கவில்லை. ஆனால் வாசித்துவிட்டாள். அடையாள அட்டை. தங்கப் பல். கண்ணைக் கட்டிய துணி. மணிக்கட்டில் கயிறு.

தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், காலையிலேயே கழுவிக் கவிழ்த்த தட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடியும் கழுவினாள். மார்னி பின்னால் வந்து நின்றாள். "தோன்யா அதெலினா?" என்றாள். அதெலினா அடுத்த தட்டை எடுத்தாள்.

மறுநாள் காலையில் அதெலினா மொழிப்பள்ளிக்குப் போனாள். மாணவர்களுக்கு வீடு பார்த்து வைக்கிறவன் லிசாந்த்ரோ. பத்து வருஷப் பழக்கம்.

"அந்தப் பொண்ண வேற வீட்டுக்கு மாத்து."

"ஏன் தோன்யா? இது வரைக்கும் நீங்க யாரையும் இப்படிச் சொன்னதே இல்லையே. என்ன பண்ணா? லேட்டா வர்றாளா? குடிக்கிறாளா?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

லிசாந்த்ரோ குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது எடுத்துட்டாளா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வேறு காரணம் சொல்ல வேண்டும். அதெலினா தரையைப் பார்த்தாள். லிசாந்த்ரோ அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டான் என்பது அவளுக்கும் தெரிந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

மதியம் மார்னி மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். முற்றத்தில் நின்று, மனசுக்குள் வாக்கியத்தைச் சரிபார்த்துவிட்டுக் கேட்டாள்: "நான் என்ன தவறு செய்தேன்?"

"ஒண்ணும் இல்லம்மா. மேல ரூம்ல ஒழுகுது."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பிப்ரவரியில் மழை பெய்வதில்லை. மூன்று வாரத்தில் அதுகூடத் தெரியாமலா இருப்பாள்? மார்னி தலையை ஆட்டிவிட்டு, நிலைப்படியில் குனிந்து, போனாள்.

நினெத் மருந்துக்கடை வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்தாள். மூன்று தட்டு வைக்கிற இடத்தில் இரண்டு தட்டு இருந்தது.

"மார்னி எங்க?"

"ஒதிலியா வீட்டுக்கு மாத்திட்டாங்க."

"ஏன்?"

"ரூம் ஒழுகுது."

நினெத் தட்டைத் தள்ளிவைத்தாள். "அம்மா. அந்த ரூம் ஒழுகல. அவ என்ன வேலைக்கு வந்திருக்கான்னு எனக்கு முதல் வாரமே தெரியும். எங்கிட்ட சொன்னா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு அவகிட்ட சொல்ல நினைச்சேன், அதுக்குள்ள நீயே கோபுரம் கோபுரம்னு சந்தோஷப்பட்டுட்டிருந்த. விட்டுட்டேன்."

"சாப்பிடு. ஆறுது."

"போன வருஷம் நான் எச்சில் குடுத்துட்டு வந்தேன்."

அதெலினா நிமிர்ந்தாள்.

"அந்தத் தோண்டுறவங்ககிட்ட. வாய்க்குள்ள பஞ்சு விட்டு எடுத்தாங்க. உன்னோடதும் வேணும்னாங்க. எனக்குள்ள இருக்கிறதுல உன் பங்கக் கழிச்சாத்தான் அப்பா பங்கு எதுன்னு தெரியுமாம். அம்மா வர மாட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் செத்துட்டார்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல! அதான்மா. யாரும் சொல்லல." நினெத் சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள். "ஒனக்காவது காத்திருக்க ஓர் ஆள் இருக்காரு. அவர் நடக்கிறது தெரியும், பேசுறது தெரியும். எனக்கு என்ன இருக்கு? அந்தப் படம்தான். எனக்குக் காத்திருக்கக்கூட ஆள் இல்ல."

அதெலினா தட்டுகளை எடுத்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை. அவித்த பாச்சேயை இரண்டு பேரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒதிலியா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏண்டி, அந்தப் பொண்ணத் திருடின்னு சொன்னியாமே? லிசாந்த்ரோ எங்கிட்ட, 'பொருள்பண்டமெல்லாம் உள்ள எடுத்து வச்சுக்கங்க'ன்னு சொல்றான். அவ என்னடான்னா வந்ததுலேருந்து என் வீட்டு ஜன்னலெல்லாம் துடைச்சிட்டிருக்கா. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசல. என்னடி எடுத்தா ஒன் வீட்டுல?"

"நான் திருடின்னு சொல்லல."

"அப்ப இல்லன்னு சொன்னியா?"

அதெலினாவுக்கு முகம் சுட்டது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்பு மேசைக்குப் பின்னால் இருந்த அந்த ஆள் தலையைத் தூக்காமல் அவள் புருஷன்மேல் ஒரு பழியைப் போட்டான். இவள் தலையைக் குனிந்துகொண்டே ஒரு பெண்மேல் பழி விழ விட்டுவிட்டாள். அவனாவது யாரென்றே தெரியாத மனிதரைச் சொன்னான். இவள் தன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கல் பொறுக்கியவளுக்கு இதைச் செய்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் முதலில் லிசாந்த்ரோவிடம் போனாள். மேசையைச் சுற்றி இரண்டு ஆசிரியைகளும் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை.

"அவ எதையும் எடுக்கல. நீ கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். தப்பு என்மேல."

பிறகு ஒதிலியா வீட்டுக்குப் போனாள். மார்னி முற்றத்தில் காலுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அதெலினாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். ஒதிலியா இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதெலினா பேச ஆரம்பித்தாள். அவளுடைய சொந்த ஸ்பானிஷில், அவளுடைய வேகத்தில். அணை உடைந்ததுபோல வந்தது. திங்கட்கிழமை, பஸ், பஸ்காரன், ஆஸ்பத்திரிகள், இடுப்பில் குழந்தை, மேசைக்காரன், வடக்கே இருக்கக்கூடிய அந்த வேறொருத்தி, அவள் எப்படி இருப்பாள் என்று இவள் நினைத்துப் பார்த்த இரவுகள், புதன்கிழமை அந்தத் தாள், லிசாந்த்ரோ, ஒழுகாத அறை. வாக்கியம் முடியுமுன் அடுத்தது தொடங்கியது. அரை மணி நேரம் போயிருக்கும்.

மார்னி அசையாமல் கேட்டாள். கடைசியில் கண்ணில் நீரோடு, மிகவும் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்: "மன்னியுங்கள். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் புரிகிறது. மெதுவாக. தயவுசெய்து. மீண்டும்."

அதெலினா அவளைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, மாணவர்களிடம் பேசும் அந்த இன்னொரு ஸ்பானிஷில் முதலிலிருந்து தொடங்கினாள்.

"அன்செல்மோ வாத்தியார். அன்னிக்குத் திங்கட்கிழமை. அவர் பஸ்ஸுல ஏறினார். பஸ் போச்சு. பஸ் நின்னுச்சு. துப்பாக்கிக்காரங்க வந்தாங்க. மூணு பேர இறக்கினாங்க. ஒருத்தர் அன்செல்மோ."

நிறுத்தினாள். மார்னி தலையாட்டினாள். இந்தத் தடவை புரிந்த தலையாட்டல்.

பஸ்காரன் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். அவராக இல்லாமலும் இருக்கலாம், ஒருவேளை இறங்கி வேறு பக்கம் போயிருக்கலாம், யார் கண்டது என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு வாசலைத் திறந்துவைத்தே பேசிப் பழகியவள். சின்ன வாக்கியத்தில் அந்த வாசல்களுக்கு இடமில்லை. வாயிலிருந்து வந்ததை அவளே அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"அவங்க அவரைக் கொன்னாங்க," என்றாள்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

மார்னி ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த சொல்லும் அவளிடம் இல்லை. நோட்டை எடுத்தாள், தயங்கி மூடினாள்.

"எழுது," என்றாள் அதெலினா.

"அவர் எவ்வளவு உயரம்?"

"என் தலை அவர் காது வரைக்கும்."

மார்னி எழுந்து அவளை நிற்கவைத்து, தன் கையால் அளந்து எழுதிக்கொண்டாள்.

"எலும்பு எப்போதாவது உடைந்ததா?"

"இடது கை. பன்னண்டு வயசுல அவகாடோ மரத்துலேருந்து விழுந்தார். கட்டுப் போட்டவன் சரியாப் போடல. இப்படிக் கோணலா இருக்கும்." தன் முன்கையைத் தடவிக் காட்டினாள். "குளிர் காலத்துல வலிக்கும். நான்தான் தேய்ச்சு விடுவேன்."

"ஆடை?"

"பச்சை ஸ்வெட்டர். நான் பின்னினது. தேங்காய் ஓட்டுப் பொத்தான் ஆறு."

மார்னி எல்லாவற்றையும் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, தேடித் தேடி ஒரு வாக்கியத்தைக் கோர்த்தாள்: "நான் கண்டுபிடிப்பேன் என்று சொல்லமாட்டேன்."

"தெரியும். சொல்லாத." அதெலினா எழுந்தாள். "மூட்டையைக் கட்டு. ரூம் ஒழுகல. வா."

மார்னி மேலும் ஐந்து நாள் அந்த வீட்டில் இருந்தாள். பிறகு மலைக்குப் போனாள். அங்கே அவர்கள் தோண்டிய இடத்தில் ஒன்பது பேர் கிடைத்தார்கள். அன்செல்மோ அவர்களில் இல்லை. ஆறு மாதம் கழித்து அவள் ஊருக்குப் போகுமுன் வந்து விடைபெற்றுக்கொண்டாள். அதற்குள் பேச்சில் பஸ் நிலையத்து வசவுகளெல்லாம் கலந்திருந்தன.

மார்ச் மாதத்திலேயே அதெலினா மகளோடு போய் எச்சில் கொடுத்துவிட்டாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடத்தில் வரிசையாக நாற்காலி. அவளுக்கு முன்னால் இருந்த கிழவர் மூன்று மகன்களுக்காக வந்திருந்தார். கையுறை போட்ட பெண் ஒருத்தி கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து, உறையில் போட்டு, பெயரெழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் அதெலினா.

"இவ்வளவுதாம்மா."

பிறகு மூன்று வருஷம் எதுவும் நடக்கவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆகஸ்டில் மருந்துக்கடையில் இருந்த நினெத்துக்குப் போன் வந்தது. கடலோரச் சாலையை ஒட்டிய தோட்டம் ஒன்றில், வேறு ஒரு குழு தோண்டிய குழியில் மூன்று பேர். ஒருவருடைய இடது முன்கை கோணலாகக் கூடியிருந்தது. தாயின் பங்கைக் கழித்துப் பார்த்ததில் மகளின் எச்சில் பொருந்திவிட்டது. நினெத் போனை வைத்துவிட்டு, கடையை அடைக்கச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

தலைநகரத்துக்குப் போனார்கள். நீள மேசைமேல் பழுப்புத் தாளை விரித்து அவரை ஒழுங்காகப் படுக்கவைத்திருந்தார்கள். ஸ்வெட்டர் இல்லை. சின்னக் கிண்ணத்தில் நான்கு பொத்தான்கள் இருந்தன. நினெத் சுவரோரம் போய் நின்று அழுதாள். அதெலினா அழவில்லை. தொடலாமா என்று கேட்டாள். தொடலாம் என்றார்கள். கோணல் எலும்பின்மேல் கையை வைத்து, எண்ணெய் தேய்ப்பதுபோல மேலிருந்து கீழாக இரண்டு தடவை தடவினாள்.

அங்கிருந்த இளைஞனிடம், "சீக்கிரமா முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். "ஆமாம்மா. சீக்கிரம்தான்."

நிஜமோ பொய்யோ, அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

நினெத் மார்னிக்கு எழுதினாள். அவள் ஊரிலிருந்து நீண்ட பதில் வந்தது. ஸ்பானிஷில்தான் எழுதியிருந்தாள். கடிதத்தைப் படித்ததும் வேலை செய்யும் இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தாள்.

அக்டோபரில் ஷேலா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பெட்டி சின்னது, முழு ஆளுக்கு உரியது வேண்டியிருக்கவில்லை. நினெத்தும் ஒதிலியாவின் இரண்டு மகன்களும் லிசாந்த்ரோவும் தூக்கினார்கள். அன்செல்மோ வேலை பார்த்த ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ரேடியோவில் பெயரைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். அதெலினாவுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

வீட்டில் காப்பியும் பாச்சேயும் பரிமாறிக்கொண்டிருந்தபோது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கசங்காத புதுத் துணி கட்டியவள், தயங்கித் தயங்கி அதெலினாவிடம் வந்தாள்.

"அம்மா, எம்பேரு தொமாசா. சார்கிட்ட நாலாங்கிளாஸ் படிச்சவ."

"உக்காரும்மா."

"அன்னிக்கு சார் எங்க பரீட்சைப் பேப்பரெல்லாம் கொண்டாந்தாரும்மா. திருத்தி. பஸ்ஸுல சாருக்குப் பக்கத்துல எங்கூரு கோழிக்கார அம்மா ஒண்ணு உக்காந்திருந்துச்சு. துப்பாக்கிக்காரங்க சாரை எறங்குன்னு சொன்னதும், சார் அந்தப் பேப்பர்க் கட்டைத் தூக்கி அந்தம்மா மடியில வச்சுட்டு, 'பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க, காத்திட்டிருக்கும்'னு சொன்னாராம். அந்தம்மா கோழிக்கூடைக்கு அடியில ஒளிச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. பயத்துல நடந்ததை யார்கிட்டயும் சொல்லல. சாகறப்பத்தான் எங்கம்மாகிட்ட சொல்லுச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே மேசையில் சிவப்பு மையோடு அவர் உட்கார்ந்திருந்தது அதெலினாவுக்கு ஞாபகம் வந்தது. நினெத் பேனாவைப் பிடுங்க, அவர் ஒரு கையால் குழந்தையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே திருத்தினார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது நினைவுக்கு வந்ததில்லை.

"நீ பாஸாயிட்டியா?" என்று கேட்டாள்.

தொமாசா வெட்கப்பட்டாள். "ஆயிட்டேம்மா. ஆனா வீட்டுல போய்க் கூட்டிப் பாத்தேன். ரெண்டு மார்க்கு கொறைஞ்சுது. மேல பாஸுன்னு போட்டிருந்தாரு."

"அவரு கூட்டல்ல தப்பே பண்ண மாட்டாரு."

"தெரியும்மா. எங்களுக்கு அவ்வளவு கூட்டல் போட்டுக் காட்டினவரு."

அதெலினா சிரித்துவிட்டாள். கறுப்புத் துணியோடு, கல்லறை மண் செருப்பில் ஒட்டியிருக்க, வாய்விட்டுச் சிரித்தாள். அறையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான், அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு, அழுகை வந்தது. தொமாசா எழப் பார்த்தாள். அதெலினா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நினெத்," என்று கூப்பிட்டாள். "இங்க வா. ஒரு நாற்காலி எடுத்துட்டு வா. இந்தப் பொண்ணு ஒங்கப்பாவப் பத்திச் சொல்லுது."

நினெத் காப்பிக் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றாள் அதெலினா. "வகுப்புல எப்படி இருப்பாரு? அடிப்பாரா?"

"அடிக்க மாட்டாரும்மா," என்றாள் தொமாசா. "ஆனா பாட்டுப் பாடுவாரு. அதைத்தான் தாங்க முடியாது."